மேலக்கோயிலுக்கு எழுந்தருளிய முருகன்

மார்கழி முதல் நாளன்று திருச்செந்தூர்க் கடலில் நீராடிச் செந்திலாண்டவனைத் தரிசித்து வருவது எங்கள் குடும்பத்தில் நெடுங்கால வழக்கம். என் தந்தையார் தொடங்கி வைத்தது அது. 1989ஆம் ஆண்டு அவர் காலமான பிறகு என் தமக்கையார் அவ்வழக்கத்தை ஏற்றுக்கொண்டார். அத்தானும் மறைந்த பின்னர், ஆண்டுதோறும் அவரை அழைத்துச் செல்லும் பொறுப்பு என்னுடையதாயிற்று. வங்கிப் பணியில் எந்த ஊருக்கு மாற்றலாகியிருந்தாலும், அந்த ஒரு நாளுக்கு மட்டும் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டு விடுவேன். ஓய்வுபெற்றுப் பாளையங்கோட்டையில் குடியமர்ந்த பின் அந்தத் தடையும் இல்லை. இத்தனை ஆண்டுகளில் ஒரு முறையேனும் தவறியதில்லை என்பதில் எனக்கு உள்ளூர ஒரு பெருமிதம் இருந்தது. அந்தப் பெருமிதம் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை, என் வயதை ஒத்த அன்பர்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

2023ஆம் ஆண்டு மார்கழி முதல் நாள், டிசம்பர் 17ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. தமக்கையாரின் வீடு ஏரலை அடுத்த ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் இருக்கிறது. முதல் நாள் மாலையே நானும் என் மனைவியும் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டோம். குமரிக்கடலை ஒட்டி வளிமண்டலச் சுழற்சி ஒன்று நிலவுவதாகவும், தென் மாவட்டங்களில் மிகக் கனமழை பெய்யக்கூடும் என்றும், மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்றும் செய்தியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

என் மனைவி தயங்கினாள். "மதினிக்கும் எழுபத்து நாலு வயசாச்சு. இந்த மழையில போகணுமா? தை மாசம் ஒரு நல்ல நாள் பார்த்துப் போவோமே" என்றாள்.

"செந்தூருக்குப் போறவங்களை அவன் கைவிட்டதுண்டா? மழைக்குப் பயந்தா பக்தி எதுக்கு?" என்றேன் நான். அடுக்களையிலிருந்த தமக்கையார் அதைக் கேட்டு, "அப்பா பேசுறது மாதிரியே இருக்கு தம்பி" என்று மகிழ்ந்தார். அந்தச் சொற்கள் மறுநாளே என்னிடம் திரும்பி வரும் என்று அப்போது நான் அறியவில்லை.

விடியற்காலையில் வாடகைக் கார் ஒன்றில் புறப்பட்டோம். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. திருச்செந்தூரை அடைந்து கடற்கரைக்குச் சென்றபோது, நான் அறுபது ஆண்டுகளாகப் பார்த்துவந்த கடல் அங்கே இல்லை. வாடைக்காற்றில் கடல் நிறம் மாறிச் சேற்று நிறமாகக் கிடந்தது. அலைகள் வரிசையாக வந்து உடைவதற்குப் பதிலாக ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் புரண்டன. வரும் வழியில் மீனவர்களின் படகுகள் வழக்கத்தைவிட மேலே, மணல்மேட்டில் ஏற்றிக் கட்டப்பட்டிருந்ததைக் கண்டேன். கடலை அன்றாடம் வணங்கி அதிலேயே பிழைப்பவர்கள் அன்று கடலுக்குப் போகவில்லை. ஆண்டுக்கு ஒரு முறை வருகிற நான் இறங்கத் துணிந்தேன்.

காவல் பணியில் நின்றிருந்த இளைஞர் ஒருவர் எங்களைத் தடுத்தார். இருபத்தைந்து வயதிருக்கலாம். உடலெல்லாம் நனைந்திருந்தது. "ஐயா, கடல்ல இறங்காதீங்க. நாழிக்கிணத்துல குளிச்சிட்டுச் சாமி பார்க்கப் போங்க" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. "நீ பிறக்குறதுக்கு முன்னாலேருந்து இங்கே முழுகி எழுந்திரிக்கிறவன் நான்" என்றேன். அதோடு நிற்கவில்லை. அன்பர்கள் அறிந்த திருச்செந்தூர் வரலாற்றை அவருக்கு எடுத்துச் சொல்லத் தொடங்கினேன். 1648ஆம் ஆண்டு டச்சுக்காரர்கள் சண்முகர் திருவுருவைக் கப்பலில் கொண்டு சென்றதும், கடல் கொந்தளிக்கவே அஞ்சி அதைக் கடலில் இட்டதும், பின்னர் வடமலையப்ப பிள்ளை கனவில் ஆணை பெற்று, எலுமிச்சம்பழம் மிதந்து கருடன் வட்டமிட்ட இடத்தில் மூழ்கச் செய்து, 1653இல் திருவுருவை மீட்டதும் தலவரலாறாகச் சொல்லப்படுகின்றன. "சண்முகரையே பத்திரமா வச்சிருந்து திருப்பித் தந்த கடல் இது. நம்மை என்ன செய்யும்?" என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்வதற்குள் ஓர் அலை வந்தது. எங்களுக்குப் பத்தடி தள்ளி நின்றுவிடும் என்று நான் நினைத்த அலை, முழங்கால் வரை ஏறி வந்தது. வந்த வேகத்தைவிடத் திரும்பிச் சென்ற வேகம் அதிகம். காலுக்கடியில் மணல் அரித்துக்கொண்டு போவதை உணர்ந்தேன். தமக்கையார் மணலில் வைத்திருந்த செப்புச் செம்பு உருண்டு கடலுக்குள் போய்விட்டது. அதை எடுக்கக் குனிந்தவரை அந்த இளைஞர் தோளைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்று நினைத்தாலும் என் உடல் நடுங்குகிறது.

அப்போதாவது நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வழக்கம் தடைப்பட்டதே என்ற எரிச்சலோடு திரும்பி நடந்தேன். நாழிக்கிணற்றில் நீராடித் தரிசனம் முடித்தோம். சந்நிதியிலும் மனம் ஒன்றவில்லை. தமக்கையார் வழியெல்லாம் பேசவில்லை. அவருடைய மௌனத்தை வருத்தம் என்று நான் எடுத்துக்கொண்டேன். ஓட்டுநர் அவசரப்படுத்தியதால் உணவுக்குக்கூட நிற்காமல் திரும்பினோம். சாலையில் ஆங்காங்கே தண்ணீர் ஓடத் தொடங்கியிருந்தது. நண்பகலில் வீடு வந்து சேர்ந்தோம்.

பிற்பகலில் மழை இன்னும் வலுத்தது. மழை பெய்கிறது என்று சொல்வதே பொருந்தாது. இடைவெளியே இல்லாமல் வானத்திலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. நான்கு மணியளவில் ஆட்டோ ஒன்றில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்து அறிவித்தார்கள். மலைமேலும் கனமழை பெய்வதால் பாபநாசம், மணிமுத்தாறு அணைகளிலிருந்து தண்ணீர் வருகிறது. குளங்களும் நிரம்பி உடையும் நிலையில் இருக்கின்றன. ஆற்றங்கரைத் தெருக்களில் இருப்பவர்கள் மேட்டிலுள்ள பள்ளிக்கூடத்திற்குப் போய்விட வேண்டும் என்றார்கள்.

அண்டை வீட்டார் மூட்டை கட்டத் தொடங்கினார்கள். என் மனைவியும் துணிமணிகளை எடுத்து வைத்தாள். தமக்கையார் மட்டும் பூஜையறை வாசலில் அமர்ந்து விளக்குத் திரியைத் திரித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, கிளம்புங்க" என்றேன்.

"மார்கழி முதல் நாள் சாயங்காலம் வீட்டுல விளக்கேத்தாம எங்கே போறது? நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் வரலை."

அந்தப் பூஜையறையில் என் தந்தையார் வழிபட்ட முருகன் இருக்கிறான். ஒரு சாண் உயரமுள்ள ஐம்பொன் திருவுருவம், கையில் தனியாகச் செய்த வேலுடன். முறைப்படி அது என் வீட்டிற்கு வந்திருக்க வேண்டும். நானோ மூன்றாண்டுக்கு ஓர் ஊர் என்று மாறிக்கொண்டிருந்தவன். "சாமியைப் பெட்டியில கட்டி லாரியில ஏத்துவியா?" என்று கேட்டுத் தமக்கையார் தம்மிடமே வைத்துக்கொண்டார். அன்று முதல் ஒரு நாள்கூட அவன் அந்த மாடத்தை விட்டு நகர்ந்ததில்லை. ஒரு மாலைகூட விளக்கில்லாமல் இருந்ததில்லை.

நான் எனக்குத் தெரிந்த வழியில் பேசிப் பார்த்தேன். கணக்கு எழுதிப் பழகிய கை அல்லவா? 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தாலே அதிகனமழை என்று வானிலைத் துறை சொல்கிறது, இங்கே அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது என்றேன். வடகிழக்குப் பருவக்காற்று கடல் நீரைக் கரையை நோக்கித் தள்ளும்போது ஆற்று வெள்ளம் எளிதில் கடலில் கலக்காது, புன்னைக்காயலில் வடிய வேண்டிய தண்ணீர் தங்கி நிற்கும், நாம் இருப்பதோ ஆற்றின் கடைமடை என்று விளக்கினேன்.

தமக்கையார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "நேத்து ராத்திரி நீதானே சொன்னே? மழைக்குப் பயந்தா பக்தி எதுக்குன்னு. காலையில கடல்ல முழுக விடலை. இப்போ வீட்டையும் சாமியையும் விட்டுட்டுப் போகச் சொல்றே. அவன் இருக்கான் தம்பி. பார்த்துக்குவான்."

எனக்கு வாயடைத்துப் போயிற்று. அவர் சொன்னவை அனைத்தும் என் சொற்கள். காலையில் அந்த இளைஞரிடம் வீறாப்பாகப் பேசியவை. இப்போது அவருடைய இடத்தில் நான் நின்றேன். என்னுடைய இடத்தில் தமக்கையார் அமர்ந்திருந்தார்.

தெருமுனையில் தண்ணீர் தெரியத் தொடங்கியது. கட்டாயப்படுத்தித் தூக்கிச் செல்லலாமா என்றுகூட எண்ணினேன். அப்போது என் பார்வை அந்த முருகன்மேல் விழுந்தது. வேறு எதுவோ நினைவுக்கு வந்தது.

திருநெல்வேலி அன்பர்களுக்குக் குறுக்குத்துறையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் அன்பர்களுக்காகச் சொல்கிறேன். திருநெல்வேலி நகரை ஒட்டித் தாமிரபரணியின் நடுவே, ஆற்றுக்குள்ளேயே அமைந்திருக்கிறது குறுக்குத்துறை சுப்பிரமணிய சுவாமி கோயில். மூலவர் பாறையிலேயே அமைந்தவர். திருச்செந்தூர் மூலவரின் திருவுருவமும் இங்கிருந்த பாறையில் வடிக்கப்பட்டதே என்பது தலமரபு. வெள்ளக் காலத்தில் கோயில் முழுவதும் நீருக்குள் போய்விடும். 1992ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தையும் அது கண்டது. கட்டியவர்கள் அதை எண்ணியே கட்டியிருக்கிறார்கள். நீர் வரும் திசையில் மதில் படகின் முகப்பைப் போலக் கூராக இருக்கும். வெள்ளம் அதில் மோதி இரண்டாகப் பிரிந்து செல்லும்.

ஆயினும் கோயிலார் மதிலை மட்டும் நம்பி இருப்பதில்லை. ஆற்றில் வெள்ளம் வருகிறது என்று தெரிந்தவுடன் உற்சவ மூர்த்திகளையும் உண்டியலையும் பூஜைப் பொருள்களையும் எடுத்துக்கொண்டு கரையிலுள்ள மேலக்கோயிலுக்குச் சென்றுவிடுவார்கள். வெள்ளம் வடிந்த பிறகு கோயிலைத் தூய்மை செய்து, மூர்த்திகளை மீண்டும் எழுந்தருளச் செய்வார்கள். இது தலைமுறை தலைமுறையாக நடந்துவருவது.

எனக்கு ஏழு வயதிருக்கும், தமக்கையாருக்குப் பதினைந்து. அப்போது திருநெல்வேலி நகரில் குடியிருந்தோம். ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் தந்தையார் எங்கள் இருவரையும் குடையின் கீழ் அழைத்துக்கொண்டு போய் ஆற்றங்கரையில் நிறுத்தினார். ஈரம் சொட்டச் சொட்ட அர்ச்சகர்களும் ஊராரும் சுவாமியைச் சுமந்து மேடேறி வந்தார்கள். "முருகனுக்குத் தண்ணின்னா பயமாப்பா?" என்று நான் கேட்டேன். தந்தையார் சிரித்தார். "பயமில்லைடா. ஆத்துக்கு அதோட வழியை விட்டுக் குடுக்கிறார்" என்றார்.

இதை அப்படியே தமக்கையாரிடம் சொன்னேன். "அக்கா, அப்பா நம்மளைக் குறுக்குத்துறைக்குக் கூட்டிட்டுப் போனது ஞாபகம் இருக்கா? தண்ணி வந்தா சாமியே மேலக்கோயிலுக்குப் போகுது. இன்னைக்கும் போயிருக்கும். நம்ம வீட்டு முருகனுக்கு மட்டும் மேலக்கோயில் வேண்டாமா?"

அவர் நெடுநேரம் பேசவில்லை என்று எனக்குத் தோன்றியது. உண்மையில் ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. பிறகு எழுந்தார். விளக்கை ஏற்றினார். கற்பூரம் காட்டினார். தம் திருமணப் பட்டின் முந்தானைப் பகுதியைக் கிழித்து, முருகனையும் வேலையும் அதில் சுற்றினார். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "நீ முன்னால போய்க் குடையைப் பிடி" என்றார். தெருவில் இறங்கியபோது கணுக்காலுக்கு மேல் தண்ணீர். பள்ளிக்கூடப் படியை ஏறும்போது முழங்கால் நனைந்திருந்தது. சாலையெல்லாம் இருள். மின்சாரம் போய்விட்டது. என் கையில் குடையும், கைப்பேசி வெளிச்சமும். குடை காற்றில் எப்போதோ முறிந்துவிட்டது, ஆனாலும் பிடித்துக்கொண்டே நடந்தேன்.

பள்ளியின் ஒரு வகுப்பறையில் ஏறத்தாழ அறுபது பேர் இருந்தோம். ஆசிரியரின் மேசை மேல் முருகனை எழுந்தருளச் செய்தார் தமக்கையார். எவரோ கொண்டுவந்திருந்த நல்லெண்ணெயைக் கொண்டு ஓர் அகலில் விளக்கேற்றினார். எல்லாச் சாதியாரும் எல்லாத் தெருவினரும் அந்த அறையில் இருந்தார்கள். குழந்தைகள் அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டே உறங்கினார்கள். நள்ளிரவுக்கு மேல் ஆற்றின் ஓசை மாறியது. குளங்கள் உடைந்துவிட்டன என்று வெளியில் நின்றவர்கள் சொன்னார்கள். வீடுகள் இருந்த திசையில் ஒன்றும் தெரியவில்லை.

விடிந்த பிறகுதான் நடந்தது என்னவென்று புரிந்தது. தமக்கையார் வீட்டின் சன்னல்களுக்கு மேல் தண்ணீர் நின்றது. அந்த ஒரு நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டரும், திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டரும், திருவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டரும் மழை பதிவானதாகப் பின்னர் அறிந்தோம். தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்ய வேண்டிய மழையைக் காயல்பட்டினம் ஒரே நாளில் கண்டு, அதையும் மிஞ்சியது. ஏரல் பாலம் சேதமுற்றுப் போக்குவரத்து அற்றுப்போயிற்று. கைப்பேசிகள் செயலிழந்தன. ஹெலிகாப்டரில் உணவுப் பொட்டலங்கள் போடப்பட்டன. எத்தனையோ குடும்பங்கள் உயிரையும் உடைமையையும் இழந்தன. நாங்கள் உயிரோடு இருந்தோம்.

அதே இரவில், திருச்செந்தூரிலிருந்து சென்னை நோக்கிப் புறப்பட்ட செந்தூர் விரைவு ரயில் திருவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கப்பால் தண்டவாளத்தின் அடியிலிருந்த சல்லிக்கற்களை வெள்ளம் அரித்துச் சென்று, இருப்புப் பாதை அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ரயிலில் சுமார் 800 பயணிகள். அவர்களில் பலர் நம்மைப் போலச் செந்திலாண்டவனைத் தரிசித்துத் திரும்பியவர்கள். வண்டி ஏன் நிற்கிறது என்று அந்த மழையில் எத்தனை பேர் சலித்துக்கொண்டிருப்பார்கள்! நின்றதால்தான் பிழைத்தார்கள். நாற்புறமும் வெள்ளம் சூழ்ந்திருந்த அந்த நாள்களில் புதுக்குடி கிராமத்தார் தங்களிடம் இருந்ததைக் கொண்டு சமைத்து அவர்களுக்கு உணவளித்தார்கள். டிசம்பர் 19ஆம் தேதி அவர்கள் மீட்கப்பட்டார்கள்.

இந்தச் செய்தியைக் கேட்டபோது எனக்கு வேறொரு ரயில் நினைவுக்கு வந்தது. இராமநாதபுரம் மாவட்டத்தில் மூன்றாண்டுகள் பணியாற்றியபோது, விடுமுறை நாள்களில் தனுஷ்கோடிக்குச் செல்வேன். கூரையில்லாத தேவாலயச் சுவர்களையும், மணலில் புதைந்த ரயில் நிலையத்தின் எச்சங்களையும் பார்த்துவிட்டு வருவேன். 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் தேதி இரவு, பாம்பனிலிருந்து தனுஷ்கோடி சென்ற 653ஆம் எண் பயணிகள் ரயில் அந்த நிலையத்தை நெருங்கிய வேளையில், புயலில் கைகாட்டி செயலற்றுப் போயிருந்தது. சிறிது நேரம் காத்திருந்த ஓட்டுநர், நீண்ட விசில் ஊதிவிட்டு வண்டியை மெல்ல நகர்த்தினார் என்று சொல்வார்கள். மலைபோல் எழுந்த கடல் அந்த ரயிலை அப்படியே கொண்டுபோயிற்று. நூற்றுக்கு மேற்பட்டோர் அதில் இருந்தார்கள். ஒருவரும் திரும்பவில்லை. பாம்பன் பாலமும் சிதைந்தது. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரின் தலைமையில் 46 நாள்களில் அது சீரமைக்கப்பட்டது.

அந்த ஓட்டுநரை எவரும் குறை சொல்ல முடியாது. இன்றைக்கு இருக்கும் செயற்கைக்கோள் படங்களோ, மணிக்கொரு முறை வரும் அறிவிப்புகளோ அன்று அவருக்கு இல்லை. நிறுத்தச் சொல்ல ஆளில்லாமல் அவர் போனார். எனக்கோ, செய்தி சொன்னது, மனைவி சொன்னாள், கரையேறிய படகுகள் சொன்னன, நனைந்து நின்ற ஓர் இளைஞர் கையை நீட்டித் தடுத்தே சொன்னார். அத்தனை பேரையும் மீறிச் செல்ல முயன்ற என்னை என்னவென்று சொல்வது?

அதே புயலில், இராமேசுவரத்தில் நூற்றுக்கணக்கானோர் இராமநாதசுவாமி திருக்கோயிலுக்குள் அடைக்கலம் புகுந்து உயிர் பிழைத்தார்கள். விபீடணன் சரண் புகுந்த தலமாகப் போற்றப்படும் கோதண்டராமர் கோயில், சுற்றிலும் யாவும் அழிந்தபோதும் நிலைத்து நின்றது. கோயில் நம்மைக் காக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அடைக்கலம் என்பது நாமாக எழுந்து போய்ப் புகுவது. விபீடணனும் இலங்கையில் அமர்ந்தபடியே சரணடையவில்லை. இருந்த இடத்தை விட்டு எழுந்து வந்தான்.

"அவன் பார்த்துக்கொள்வான்" என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். மெய்தான், பார்த்துக்கொள்கிறான். ஆனால் எவ்வடிவில் வந்து பார்த்துக்கொள்கிறான் என்பதை நாம் கவனிப்பதில்லை. அன்று காலையில் அவன் நனைந்த சட்டையோடு கடற்கரையில் நின்று என்னைத் தடுத்தான். மாலையில் ஆட்டோவில் ஒலிபெருக்கியோடு வந்தான். இரவில் திருவைகுண்டத்தில் ரயிலை நிறுத்தினான். சந்நிதியில் தீபாராதனையின்போது மட்டும் அவனைத் தேடிக்கொண்டிருந்த எனக்கு, மற்ற இடங்களில் அவனை அடையாளம் தெரியவில்லை.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மாதங்களில்தான் நம் கடற்கரைத் தலங்களில் விழாக்களும் விரதங்களும் மிகுதி. வங்கக்கடலில் புயல்கள் எழும் காலமும் அதுவே. ஆகவே மூத்த அன்பர்களுக்கு, அடிபட்டுக் கற்றுக்கொண்டவன் என்ற முறையில், சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். துறைமுகங்களில் 1 முதல் 11 வரை ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகளைப் பற்றிச் சிறு வயதிலிருந்தே வானொலியில் கேட்டு வந்திருக்கிறோம். அது கப்பல்காரர்களுக்கானது என்று விட்டுவிட வேண்டாம். மீனவர்கள் கடலுக்குப் போகாத நாளில் நாமும் கடலில் இறங்க வேண்டாம். முழங்கால் அளவு நீர்தானே என்று எண்ண வேண்டாம். அலை வரும்போது தள்ளுவதைவிடத் திரும்பும்போது காலுக்கடியில் மணலை உருவிக்கொண்டு இழுப்பதே நம் வயதில் பேராபத்து. கடல் சற்று அடங்கியிருப்பதைக் கண்டு ஏமாந்துவிட வேண்டாம். சிறு அலைகள் சில வந்த பிறகு பேரலை வருவது வழக்கம். அன்று நீராட முடியாவிட்டால், கரையில் நின்று கைகூப்பிவிட்டு, கிணற்று நீரைத் தலையில் தெளித்துக்கொண்டு போகலாம். நம்மை அழைத்துச் செல்லும் பிள்ளைகளும் தம்பிகளும் "வேண்டாம்" என்று சொன்னால், அதைப் பக்திக் குறைவு என்று ஏசாமல் இருப்போம்.

நான்காம் நாள் வெள்ளம் வடிந்து வீட்டிற்குள் நுழைந்தோம். முழங்கால் உயரத்திற்குச் சேறு. பின்சுவர் இடிந்து விழுந்திருந்தது. அத்தானின் புகைப்படம், தமக்கையாரின் பாத்திரங்கள், தந்தையார் எழுதிவைத்த வரவு செலவு நோட்டுகள் எல்லாம் போய்விட்டன. பூஜையறை மாடத்தில் முருகன் நின்றிருந்த இடத்திற்கு ஒரு முழம் மேலே வெள்ளம் கோடு கிழித்திருந்தது. தமக்கையார் அந்தக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். தம்முடைய உயரத்தையும் அதனோடு ஒப்பிட்டுப் பார்த்தார் என்று நினைக்கிறேன். ஒன்றும் சொல்லவில்லை. என் கையைப் பற்றிக்கொண்டார்.

பின்சுவர் எழுப்பி, வெள்ளையடித்து, தை முதல் நாள் பொங்கலிட்டு முருகனை மீண்டும் மாடத்தில் எழுந்தருளச் செய்தோம். மாடத்தில் இருந்த வெள்ளக்கோட்டை மட்டும் வெள்ளையடிக்க வேண்டாம் என்று தமக்கையார் சொல்லிவிட்டார். இன்றும் அது இருக்கிறது. அதற்கு மேல் பட்டுத்துணி ஒன்று மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. "மறுபடியும் மேலக்கோயிலுக்குப் போக வேண்டி வந்தால் தேட வேண்டாம்" என்கிறார்.

மறு மார்கழியில் திருச்செந்தூர் சென்றபோது, கடற்கரையில் அந்த இளைஞரைத் தேடினேன். பணிமாறிப் போயிருக்கலாம், காணவில்லை. அங்கே நின்ற வேறொருவரிடம் சென்று, சென்ற ஆண்டு சொல்லாமல் விட்ட நன்றியைச் சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. சிரித்துக்கொண்டே, "பார்த்துக் குளிங்க ஐயா" என்றார். அந்தக் கடன் இன்னும் தீரவில்லை என்றே எண்ணுகிறேன்.

தமக்கையார் புதிய செப்புச் செம்பு ஒன்று வாங்கி வந்திருந்தார். மணலில் இறங்குவதற்கு முன் நின்று, என்னைப் பார்த்துக் கேட்டார்: "கடல் இன்னைக்கு எப்படி இருக்குன்னு அவங்கட்ட கேட்டியா தம்பி?"

கேட்டுவிட்டேன் என்றேன். அதன் பிறகே செந்திலாண்டவனின் திருப்பெயரைச் சொல்லி, என் கையைப் பிடித்துக்கொண்டு நீரில் கால் வைத்தார்.